மழையிலும் படம் எடுக்கலாம்... கேமராவும் கெடாது!

கிணறு, ஏரி, அருவி, அடைமழை: குறைந்த செலவில் கேமராவையும் செல்போனையும் காக்கும் வழிகள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்ட விவசாயிகள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். கரை கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை இரு கரையும் புரண்டு ஓடியது. ஆற்றோரக் கிராமங்களில் நெல்லும் கரும்பும் மூழ்கின. ஆடு, மாடுகள் அடித்துச் செல்லப்பட்டன.

அந்தப் பாதிப்புக்குத் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். இறந்துபோன பசு, எருமைக்கு 37,500 ரூபாய். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் வயலுக்கு வந்து கணக்கெடுத்த பிறகுதான் இந்தப் பணம் கைக்கு வரும். பிரச்னை என்னவென்றால், அவர்கள் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். செத்த மாட்டை அதுவரை போட்டு வைக்க முடியாது. ‘இடுப்பளவு தண்ணீர் நின்றது’ என்று வாயால் சொல்வதைவிட, தேதியோடு ஒரு படத்தைக் காட்டுவது பலமான ஆதாரம்.

ஆனால், படம் எடுக்கவேண்டிய அந்த நேரத்தில்தான் போனை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. கடன் வாங்கி வாங்கிய போன் நனைந்தால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் போச்சு. மகன் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்க வாங்கிய பெரிய கேமரா என்றால், நஷ்டம் இன்னும் பல மடங்கு. கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் கீழே நடவு பார்க்கிறவர்கள், மீன்குட்டை வைத்திருக்கிறவர்கள், கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள், மேகம் அருவி, பெரியார் அருவிப் பக்கம் விருந்தாளிகளை அழைத்துப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே கவலைதான்.

கடையில் கேட்டால், தண்ணீருக்குள் கொண்டுபோகும் கெட்டியான கேமராப் பெட்டி என்று ஒன்றைக் காட்டுவார்கள். பல நேரங்களில் அந்தப் பெட்டியின் விலை, கேமராவின் விலையைத் தாண்டிவிடும். அது எல்லோருக்கும் தேவையே இல்லை. எந்தத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டால், பெரும்பாலான வேலை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

முதலில் தண்ணீரைப் பிரித்துப் பாருங்கள்

தண்ணீரால் வரும் ஆபத்து நான்கு வகை. முதலாவது தூறல், சாரல், தெளிப்பு நீர். இரண்டாவது, நின்று பெய்கிற மழை. மூன்றாவது, கை தவறி வாய்க்காலிலோ கிணற்றிலோ விழுவது. நான்காவது, வேண்டுமென்றே தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் படம் எடுப்பது. முதல் இரண்டுக்கும் மேலிருந்து மூடினால் போதும். மூன்றாவதற்கு நாலா பக்கமும் அடைத்திருக்க வேண்டும். நான்காவதற்கு, அடைப்போடு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். செலவு கூடுவது அங்கேதான்.

புதுப் போன்களில் ‘ஐ.பி.67’, ‘ஐ.பி.68’ என்று எழுதியிருப்பார்கள். அதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடினமான சோதனை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரித்த கம்பெனி சொல்லும். இந்தச் சோதனைகள் எல்லாம் புதுப் போனை வைத்து, அசையாத நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. சேறு கலந்த வெள்ளமும், யூரியா கரைத்த தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது.

ஐந்து ரூபாய் கவரில் மழைக்கோட்டு

சாதாரண மழைக்கு, கெட்டியான பாலித்தீன் கவரே போதும். கடைகளில் கிடைக்கும் அழுத்தி மூடும் ஜிப் கவர் போனுக்குப் பொருத்தமானது. கவர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும். போனை உள்ளே வைத்து, காற்றை வெளியேற்றி, லென்ஸ் இருக்கும் இடத்தில் கவர் சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கும்படி இழுத்துப் பிடியுங்கள். அந்த இடத்தில் சுருக்கமோ இடைவெளியோ இருந்தால் படம் கலங்கித் தெரியும். கவருக்குள் இருக்கும்போது ஃபிளாஷ் போடவே கூடாது. வெளிச்சம் கவரில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும்.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவுக்குக் கொஞ்சம் கைவேலை வேண்டும். தேவையானவை: கேமரா தாராளமாக நுழையும் அளவுக்குக் கெட்டியான பாலித்தீன் பை, இரண்டு ரப்பர் பேண்டு, லென்ஸ் முன்னால் திருகும் ‘யூ.வி. ஃபில்டர்’ கண்ணாடி, லென்ஸ் ஹூட்.

பையின் அடிப்பக்க மூலையில் லென்ஸைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை வெட்டுங்கள். ஃபில்டரையும் ஹூட்டையும் மாட்டிய லென்ஸை அந்த ஓட்டை வழியாக வெளியே தள்ளி, ஹூட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். பையின் திறந்த வாய் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். அதன் வழியாகத்தான் கை உள்ளே போகும். கேமராவின் பின்பக்கத்தைக் கவர் வழியாகவே பார்க்கலாம். இதில் ஃபில்டர்தான் முக்கியம். மழைத்துளி விழுவது அதன்மீது. துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்தால், சில நூறு ரூபாயில் வேறு மாற்றிக்கொள்ளலாம். லென்ஸில் கீறல் விழுந்தால் அப்படி மாற்ற முடியாது.

ஒரு பையை ஒன்றிரண்டு முறைக்கு மேல் நம்பக் கூடாது. மடிப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நடவு ஆட்களுக்குக் கூலி கொடுக்கிற அன்று, பையில் இன்னொரு கவரும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் தொங்கும் பை

வாய்க்காலில், குட்டையில், பரிசலில் வேலை என்றால், போனுக்கென்றே விற்கும் நீர்புகாப் பை நல்லது. சுமார் 150 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை கிடைக்கிறது. மேல்வாயில் பிளாஸ்டிக் கிளிப் வைத்துப் பூட்டும் வகை இது. வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். கிளிப் இரண்டு அடுக்காகப் பூட்ட வேண்டும். பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தையல் கோடு அகலமாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். கழுத்துக் கயிறு மாட்டும் வளையம் கெட்டியாக இருக்க வேண்டும்.

வாங்கியதும் போனை உள்ளே போடாதீர்கள். முதலில் சோதனை. டிஷ்யூ பேப்பரையோ நியூஸ் பேப்பர் துண்டையோ மடித்து உள்ளே வைத்து, கூடவே ஒரு கல்லையும் போட்டுப் பூட்டுங்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதத்தின் ஒரு ஓரம் ஈரமாக இருந்தாலும் அந்தப் பை வேண்டாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையைப் பருவமழை தொடங்கும் முன் ஒவ்வொரு ஆண்டும் செய்ய வேண்டும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் ஒரே வருஷத்தில் விறைத்து, மடிப்பில் வெடித்துவிடும்.

பையில் கொஞ்சம் காற்றை விட்டுப் பூட்டினால், கை தவறினாலும் மிதக்கும். கிணற்றில் விழுந்த போனைப் பாதாளக் கொலுசு போட்டுத் தேடும் வேலை மிச்சம். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. அதனால், தண்ணீருக்குள் போகும் முன்பே கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் சத்தக் குறைப்புப் பொத்தானை அழுத்திப் படம் எடுக்கலாம். பெரும்பாலான போன்களில் இந்த வசதி இருக்கிறது. வீடியோ என்றால், மேலேயே ஓடவிட்டுவிட்டு உள்ளே இறக்கலாம்.

பெரிய கேமராவுக்கும் இதே மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் உண்டு. லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி வைத்திருப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். அருவி ஓரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுக்க இவை போதும். அடிக்கடி தண்ணீரில்தான் வேலை என்றால், இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கையடக்கமான ‘ஆக்‌ஷன் கேமரா’க்கள் தனிப் பெட்டி இல்லாமலே தண்ணீரில் இறங்கக்கூடியவை. 2016-ல் வந்த கோப்ரோ ஹீரோ 5 முதல் அந்த வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவை 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. பழையதாகக் கிடைத்தால் மலிவு. ஆனால், பேட்டரி மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஆழம் கூடினால் ஏன் ஆபத்து?

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். பத்து அடி, அதாவது மூன்று மீட்டர் ஆழத்தில், அதே கணக்கில் 300 கிராம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால், 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் உள்ள பெட்டியின் மூடி 150 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஏறும் பாரம் 45 கிலோ! டிபன் டப்பாவையோ, பழைய பிளாஸ்டிக் டப்பாவையோ ஒட்டி அடைத்துக் கிணற்றுக்குள் இறக்கினால், அது எங்காவது ஓர் இடத்தில் வழிவிடத்தான் செய்யும்.

இந்த அழுத்தத்தைத் தாங்கி அடைப்பது சின்ன ரப்பர் வளையம்தான். ‘ஓ-ரிங்’ என்று மோட்டார் மெக்கானிக்குகள் சொல்வது. கேமராவில் இருப்பதும் அதே வகைதான். அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ மாட்டியிருந்தால், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கான் கிரீஸை லேசாகத் தடவலாம். வண்டிக்குப் போடும் கிரீஸ், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில வகை ரப்பர் எண்ணெய் பட்டு உப்பிக் கெட்டுவிடும்.

மீன்குட்டைக்குக் கண்ணாடித் தொட்டி

மீன்குட்டையில் நீரின் மட்டத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கவும், பாதி தண்ணீர் பாதி ஆகாயம் தெரிகிற மாதிரி படம் எடுக்கவும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேமராவுக்கு எந்த உறையும் வேண்டாம். மேல்பக்கம் திறந்த சிறிய மீன் தொட்டி ஒன்று போதும். கண்ணாடிக் கடையில் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஒட்டித் தரச் சொன்னாலும் ஆகும். தொட்டியைத் தண்ணீரில் பாதி அமுக்கி, கேமராவை உள்ளே வைத்து, கண்ணாடி வழியாகப் படம் எடுக்கலாம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. தொட்டி லேசில் அமுங்காது. 30-க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியைத் தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் இறக்க வேண்டுமானால், 9 கிலோ பாரம் வேண்டும். கையால் அமுக்கிக்கொண்டே படம் எடுத்தால், தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறிவிடும். துணிப்பையில் மணல் கட்டித் தொட்டியின் அடியில் சமமாகப் பரப்பி வைத்தால், தொட்டி தானாகவே அமுங்கி நிற்கும். கேமராவை மணல் மூட்டைமேல் நேரடியாக வைக்காமல், அடியில் துண்டு விரியுங்கள். இரண்டு பேர் இருப்பது நல்லது. ஒருவர் தொட்டியைப் பிடிக்க, இன்னொருவர் படம் எடுக்கலாம். கேமராவின் வார் கழுத்தில் இருக்கட்டும்.

கலங்கல் தண்ணீரில் எந்தக் கேமராவாலும் ஒன்றும் தெரியாது. தீவனம் போட்ட பிறகு, வலை இழுத்த பிறகு எடுக்காமல், தண்ணீர் தெளிந்திருக்கும் காலை நேரத்தில் எடுங்கள்.

போர்வெல்லுக்குள் கேமரா: தனியாக முயல வேண்டாம்

கள்ளக்குறிச்சி வட்டாரம் கடினப்பாறைப் பூமி. போர்வெல் அடிக்குமேல் அடி போட்டும் தண்ணீர் குறைந்தால், உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ‘ஆக்‌ஷன் கேமராவைக் கயிற்றில் கட்டி இறக்கினால் என்ன?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நிலத்தடியில் 300 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோ அழுத்தம். 10 மீட்டர், அதாவது 33 அடி வரை தாங்கும் கேமரா அங்கே போனால் திரும்பி வராது. வந்தாலும் வேலை செய்யாது. அதைவிட மோசம், கயிறு அறுந்து கேமரா போர்வெல்லிலேயே மாட்டிக்கொண்டால், மோட்டார் இறக்கவும் முடியாது.

இதற்கென்றே போர்வெல் கேமரா வைத்திருக்கிறவர்கள் வாடகைக்கு வருகிறார்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் கேமரா, அதைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள், ஆழம் காட்டும் அளவுக் கருவியுடன் கூடிய கேபிள், மேலே ஒரு திரை. கேசிங் பைப் எங்கே உடைந்திருக்கிறது, எந்த அடியில் ஊற்று வருகிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் நேரில் தெரியும். வேலைக்குக் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை: மோட்டாரையும் பைப்பையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் கேமரா இறக்காமல், கலங்கல் தெளிய நேரம் கொடுங்கள். ஆழம் திரையில் தெரியும்படி வீடியோவைப் பதிவு செய்து, பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். பிறகு கேசிங் மாற்றுவதா, இன்னும் ஆழப்படுத்துவதா என்று வேறு ஒருவரிடம் ஆலோசனை கேட்கும்போது, அந்த வீடியோ கையில் இருக்கும்.

மலைக்குப் போனால் பனியும் எதிரிதான்

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் மார்கழிக் காலையில் போகிறவர்கள், மழை இல்லாமலே லென்ஸில் தண்ணீர் கோப்பதைப் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான் இது. குளிரில் இருந்த கேமரா, ஈரமான சூட்டுக் காற்றுக்கு வரும்போது, அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் கேமராவின் மேலும் உள்ளும் படிகிறது. மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வரும்போதும், ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுக்கும்போதும் இதே கதைதான்.

செலவே இல்லாத தீர்வு ஒன்று உண்டு. குளிரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். சூடான இடத்துக்கு வந்த பிறகு, அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை கவரைத் திறக்காதீர்கள். வியர்வை கவரின் வெளியே படியும். கேமரா காய்ந்தே இருக்கும்.

வீட்டில் வைக்கும் விதம்

தண்ணீரில் ஒரு நாள் விழுந்து கெடும் கேமராக்களைவிட, பீரோவில் பல மாதம் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் லென்ஸ்கள் அதிகம். காற்றில் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால், கண்ணாடிமேல் பூஞ்சணம் வளரத் தொடங்கும். மழைக்காலத்தில் ஓட்டு வீடு, கூரை வீடுகளில் ஈரப்பதம் அதைவிட மேலேதான் இருக்கும். 40 முதல் 50 சதவிகிதம் இருந்தால் நல்லது.

இதற்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், அதில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லும் போதும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே வைத்துவிட்டால், திறக்காமலே அளவு தெரியும். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் ஜெல் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு நிற ஜெல் நல்லது. நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்க்கலாம். நிறம் மாறிய ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் போட்டு, குறைந்த தீயில் கிளறிவிட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆறியதும் உடனே டப்பாவில் போட்டுவிடுங்கள்.

தோல் உறையிலும், கேமராவோடு வந்த துணிப் பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அந்தப் பைகளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நனைந்துவிட்டதா? முதல் பத்து நிமிடம் முக்கியம்

போனோ கேமராவோ தண்ணீரில் விழுந்தால், வெளியே எடுத்ததும் அணைத்துவிடுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. தண்ணீரைவிட, ஈரத்தில் ஓடும் மின்சாரம்தான் உள்ளே இருக்கும் பாகங்களை அரிக்கிறது. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். மெமரி கார்டு, சிம் கார்டுகளை எடுத்துத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். போன் போனாலும், கார்டில் பதிவான படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஈரம் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. அடுப்புச் சூடு, முடி உலர்த்தும் கருவி, உச்சி வெயில் எதுவும் வேண்டாம். சார்ஜ் போடும் ஓட்டை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி சாய்த்து, ஃபேன் காற்றில் வையுங்கள். சேற்றுத் தண்ணீர், உரத் தண்ணீர், மாட்டுக் கோமியம் என்றால் காத்திருக்காதீர்கள். அவற்றில் உப்பு இருக்கிறது. காய்ந்தாலும் அது உள்ளேயே தங்கி அரிக்கும். அன்றைக்கே சர்வீஸ் கடையில் கொடுத்து, திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால், அதை வீட்டில் வைத்துக் கிண்டாதீர்கள். தீப்பிடிக்கும்.

ஆதாரப் படம் எப்படி இருக்க வேண்டும்?

கேமராவைக் காப்பாற்றுவது, பணத்தைக் காப்பாற்றத்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர், 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானால், அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கி அல்லது வேளாண்மை அலுவலகம் மூலமாகவோ தெரிவிக்கலாம். காப்பீடு செய்த பயிருக்கு எந்தெந்த இழப்புகள் சேரும் என்பதை, பிரீமியம் கட்டும்போதே உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது மூன்று தூரங்களில் எடுங்கள். வயல் முழுவதும் தெரியும்படி ஒன்று. அதில் பக்கத்து மோட்டார் கொட்டகையோ, பனைமரமோ, சர்வே கல்லோ தெரிய வேண்டும். அப்போதுதான் எந்த வயல் என்று மறுக்க முடியாது. தண்ணீரின் ஆழம் தெரியும்படி, மண்வெட்டிக் காம்பை ஊன்றி வைத்து ஒன்று. பயிரின் நிலை தெரியும்படி அருகில் ஒன்று. இறந்த மாடு என்றால், காதில் இருக்கும் காப்பீட்டு வில்லையின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

போனில் ஜி.பி.எஸ். போட்டு வைத்திருந்தால், இடமும் நேரமும் படத்தோடு பதிவாகும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், இந்த விவரங்கள் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். மூலப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிடாமல், மகளுடைய போனிலோ பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலோ இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களில், இறங்கி வரும்வரை கார்டுதான் ஒரே ஆதாரம்.

எந்தப் படமும் உயிரைவிடப் பெரிதல்ல. ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். வயலில் மின்கம்பி அறுந்து கிடந்தால், அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல், முதலில் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். அருவிப் பாறையில் பாசி படிந்த இடத்தில் நின்று செல்ஃபி வேண்டாம்.

தெரிந்துகொள்ளுங்கள்: கடலுக்குள் போன முதல் கேமராக்கள்

பிரான்ஸ் நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூட்டான், 1893-ம் ஆண்டிலேயே கடலுக்குள் படம் எடுத்தார். கேமராவைப் பெரிய உலோகப் பெட்டிக்குள் வைத்துத்தான் இறக்கினார். பெட்டியே இல்லாமல், கேமராவையே நீர்புகாதபடி செய்யும் யோசனை, கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ குழுவினரிடமிருந்து பிறந்தது. அவர்களுடைய ‘கலிப்சோ’ கேமராவை வைத்துத்தான் ஜப்பானின் நிக்கான் கம்பெனி 1963-ல் ‘நிக்கோனாஸ்’ கேமராவைக் கொண்டுவந்தது. இதெல்லாம் சாத்தியமானதற்கு ஒரு காரணம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு 1939-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

கேள்வி - பதில்

கேள்வி: நனைந்த போனை அரிசி மூட்டைக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அரிசி, உள்ளே புகுந்த ஈரத்தை இழுத்து எடுக்காது. வெறும் காற்றில் வைத்தாலும் அதே அளவுதான் காயும். போதாக்குறைக்கு, தவிடும் நொய்யும் சார்ஜ் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் கம்பெனியே, போனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஃபேன் காற்றே போதும். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: என் போன் ஐ.பி.68. கிணற்றில் குதித்து நீந்தும்போது வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். அசையாத தண்ணீரில் மெல்ல இறக்கிச் சோதித்ததைத்தான் அந்த எண் சொல்கிறது. மேலேயிருந்து குதிக்கும்போது ஏற்படும் அடி அதைவிடப் பலமானது. போன் பழையதாகும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பசையும் தளர்ந்துவிடும். ஒருமுறை திரை மாற்றியிருந்தால், பழைய அடைப்பு திரும்ப வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் புகுந்ததைக் காட்டும் ஒட்டு போனுக்குள்ளேயே இருக்கிறது. அது சிவந்துவிட்டால், பெரும்பாலான கம்பெனிகள் வாரன்டி தருவதில்லை. நீந்தித்தான் ஆக வேண்டும் என்றால், சோதித்த நீர்புகாப் பையில் போட்டு எடுங்கள்.

கேள்வி: மருந்து அடிக்கும்போது சட்டைப் பையில் இருக்கும் போன் நனைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

போனை வரப்பில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதே சிறந்தது. கூடவே வைத்திருக்க வேண்டும் என்றால், ஜிப் கவரில் போட்டுப் பூட்டுங்கள். பேசும்போதும் கவரிலிருந்து எடுக்காதீர்கள். கவர் வழியாகவே நன்றாகக் கேட்கும். மருந்து பட்ட போனை முகத்தில் வைத்துப் பேசுவது உடம்புக்கு ஆகாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதன்பிறகு போனை வெளியே எடுங்கள். அந்தக் கவரை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மகனுடைய கேமரா லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி தெரிகிறது. துடைத்தும் போகவில்லை. என்ன அது?

அது பூஞ்சணம். கண்ணாடியின் உள்பக்கம் வளர்ந்திருப்பதால், வெளியே துடைத்தால் போகாது. கேமரா பழுது பார்க்கும் கடையில், லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் தப்பிக்கலாம். நாள்பட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. அதுவரை, மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காமல், தனியாகப் பிரித்து வையுங்கள்.